இங்கே பார்த்தால்தான் கணக்கு

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். உறையைப் பார்த்ததும் 'இவனுக்கு என்ன ஆச்சு, ஃபோன் இல்லையா' என்று நினைத்திருப்பாய். ஃபோன் இருக்கிறது. அதன் அந்தப் பக்கம் உன் மகளும் இருக்கிறாளே. நீ ஹலோ சொல்வதற்குள் "மாமாவா? ஸ்பீக்கர்ல போடும்மா" என்று வந்து உட்கார்ந்துவிடுகிறாள். ஏழு வயதுதான் ஆகிறது, ஆனால் நாம் சொல்ல வந்து விழுங்குவதுகூட அவள் காதில் விழுந்துவிடுகிறது. வாயாடி என்று பேர் வைத்தவன் நான், காதைப் பற்றி யோசிக்கவில்லை. அவள் கேட்கக் கூடாததையெல்லாம் இனிமேல் எழுதிக்கொள்வோம். என் கையெழுத்து அவளுக்குப் புரியாது. உனக்குப் புரிந்தால் அதுவே பெரிய விஷயம்.

முதலில், போன செவ்வாய்க்கிழமைக்கு என்னை மன்னித்துவிடு. பன்னிரண்டு வருஷமாக நான் நர்ஸாக வேலை பார்க்கிற அவசரப் பிரிவு அது. நான் விடுப்பில் இருந்த நாளாகப் பார்த்து வாயாடிக்குக் காய்ச்சல் வந்து, நீ அவளைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாய். வாசலில் நுழைந்ததிலிருந்து மருந்து ஏறுகிற வரை நூற்று எழுபது நிமிடம். நேற்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். சீட்டு வாங்க வரிசை, டாக்டர் வரக் காத்திருப்பு, ரத்த அறிக்கை வரக் காத்திருப்பு, மருந்து எடுக்க மூன்றாம் மாடிக்கு ஆள் போய் வந்தது. இதில் யாரும் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் அவரவர் வேலையைச் செய்தார்கள், அவள் காத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் உனக்குச் சொல்லியிருப்பார், நானும் சொல்லிவிடுகிறேன். கீமோ மருந்து அவள் ரத்தத்தில் இருக்கிற புற்றை அழிக்கிறது, அதே கையோடு வெள்ளை அணுக்களையும் துடைத்துவிடுகிறது. மற்றப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் மூன்று நாளில் போய்விடும். இவள் உடம்பில் கிருமி நுழைந்தால் தடுக்க ஆளில்லை. காலையில் சிரித்துக்கொண்டு வந்த பிள்ளைகளைச் சாயங்காலம் நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறிவிட வேண்டும் என்கிறோம்.

நேற்று எங்கள் தலைமை டாக்டரம்மாவிடம் போய்க் கத்தினேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "முடிச்சிட்டீங்களா? அப்போ நீங்களே பொறுப்பு எடுத்துக்குங்க. இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு அறுபது நிமிஷம். எப்படிச் செய்வீங்களோ எனக்குத் தெரியாது" என்றார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். தெர்மாமீட்டரில் முப்பத்தெட்டைத் தொட்டால் கிளம்பிவிடு. காய்ச்சல் சிரப் கொடுக்காதே. நெஞ்சில் மருந்துக்குழாய் பதித்து ஊசி குத்துகிற இடத்தில் மரத்துப்போகிற களிம்பை வீட்டிலேயே தடவிவிடு. இன்னொன்று, என் தங்கை என்று அங்கே யாரிடமும் சொல்லாதே. சொன்னால் உன்னை முதலில் கூப்பிடுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு மாமா அங்கே வேலை செய்யவில்லை.

உன் அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படிக்க இரண்டு நாள் ஆனது. பாதியை நானே ஊகித்துக்கொண்டேன்.

இதை எழுத உட்கார்ந்ததும் வாயாடி வந்துவிட்டாள். "என்ன எழுதறே?" என்றாள். மளிகைச் சாமான் பட்டியல் என்றேன். எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சாமானா? கடையையே வாங்கப் போறியா?" என்றாள். இப்போது எதிரில் உட்கார்ந்து யானைப் பொம்மைக்குத் தொப்பி போட்டுக்கொண்டிருக்கிறாள். தனக்கு முடி இல்லாததால் யானைக்கும் இருக்கக் கூடாதாம். யானைக்கு எப்போது முடி இருந்தது என்று கேட்டேன், அது வேறு விஷயம் என்கிறாள்.

வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு பை தயாராக இருக்கிறது. இரண்டு செட் துணி, களிம்பு, மருத்துவமனை அட்டை, சார்ஜர், ஒரு பாக்கெட் பிஸ்கட். வேலையை விட்டதிலிருந்து தெர்மாமீட்டர் பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஒரு நாளைக்கு ஆறு தடவை. இப்போது அவளே வாங்கிப் பார்த்து, "முப்பத்தேழு புள்ளி ரெண்டு, பாஸ்" என்று சொல்லிக் கொடுக்கிறாள்.

இவள் அப்பா லாரியோடு போய்ப் பதினொரு நாளுக்குப் பிறகு வந்தார். தூங்குகிறவளைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "முடி திரும்ப முளைக்கும்ல?" என்று கேட்டார். முளைக்கும் என்றேன். அதற்கு மேல் கேட்க அவருக்குத் தைரியம் இல்லை. சொல்ல எனக்கும் இல்லை.

நீ இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய், நான் எப்படி இருக்கிறேன் என்று ஒரு வரி கேட்கவில்லை. குறை சொல்லவில்லை, சும்மா சொல்கிறேன். யாரும் கேட்பதில்லை இப்போதெல்லாம்.

உன் பேரைச் சொல்ல மாட்டேன், போதுமா.

உன் குட்டி


மே 2

அன்புள்ள குட்டிக்கு,

எப்படி இருக்கிறாய்? முதல் வரியிலேயே கேட்டுவிட்டேன், பார்த்துக்கொள்.

இரண்டு மாதமாக இங்கே எனக்கு நல்ல பேர் இல்லை. மருந்தை மூன்றாம் மாடியிலிருந்து எங்கள் அலமாரிக்கு இறக்கக் கேட்டதற்கு மருந்தகத்துக்காரர் தன் சொத்தையே நான் எழுதிக் கேட்பது போலப் பார்த்தார். ஐந்து கையெழுத்து வாங்கி இறக்கிவிட்டேன். ரத்தம் எடுத்தால் போதும், அறிக்கைக்காகக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிடலாம் என்று டாக்டர்களை ஒத்துக்கொள்ள வைத்தேன். கீமோ எடுக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிவப்பு அட்டை. அதை வாசலில் நீட்டினால் சீட்டு வரிசை கிடையாது. உனக்கும் ஒன்று இந்த உறையில் வைத்திருக்கிறேன், பையில் போட்டுவை.

காத்திருக்கிற நாற்காலிகளுக்கு எதிரே ஒரு பெரிய கடிகாரமும் மாட்டினேன். எங்களுக்கும் தெரியட்டும், பெற்றவர்களுக்கும் தெரியட்டும். வாசல் மேஜையில் உட்கார்ந்து யாரை முதலில் அனுப்புவது என்று தீர்மானிக்கிற எங்கள் மூத்த நர்ஸ், நாங்களெல்லாம் பெரியக்கா என்று கூப்பிடுகிறவர், அதைப் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரியா, ரயில்வே ஸ்டேஷனா தம்பி?" என்றார். ஆனால் மறுநாளே கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் ஓடுகிறது என்று திருத்தி வைத்ததும் அவர்தான்.

மருந்து ஏற ஆகிற சராசரி நேரம் நூற்று நாற்பது நிமிடத்திலிருந்து எழுபத்தாறுக்கு வந்துவிட்டது. ஏணி மேல் ஏறிக் கடிகாரம் மாட்டியதில் முதுகு பிடித்துக்கொண்டது. அதைத் தவிர உன் அண்ணன் சௌக்கியம்.

உன் அண்ணன்


மே 16

அன்புள்ள அண்ணனுக்கு,

செவ்வாய்க்கிழமை ஸ்பீக்கரில் அவள் உன்னிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ஆனாலும் நான் ஒரு தடவை எழுத வேண்டும்.

முப்பத்தெட்டு புள்ளி மூன்று. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். போன தடவை காத்திருந்தது கண்ணுக்குள்ளேயே இருந்தது. சிவப்பு அட்டையை நீட்டினேன். பெரியக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தார், நெற்றியில் தெர்மாமீட்டரை வைத்தார், எழுந்து அவரே அவளை உள்ளே தூக்கிக்கொண்டு போனார். நாற்பத்தெட்டு நிமிடம். ஊசி குத்தியபோது அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கதவு வழியே தெரிந்த கடிகாரத்தில் நிமிடத்தை எண்ணிக்கொண்டிருந்தாள்.

யாரிடமும் உன் பேரைச் சொல்லவில்லை. பக்கத்துப் படுக்கையில் ஒரு பையன், அவனுக்கும் ஐம்பது நிமிடத்துக்குள் ஆகிவிட்டது என்று அவன் அம்மா சொன்னாள். "யாரோ ஒரு நர்ஸ் இதையெல்லாம் மாத்தினாராம், அவர் நல்லா இருக்கணும்" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சின்ன வயதில் நீ சைக்கிள் போட்டியில் ஜெயித்தபோதுகூட நான் இவ்வளவு பெருமைப்படவில்லை.

உனக்குப் புதுப் பேர் வைத்திருக்கிறாள். கடிகார மாமா.

உன் குட்டி


ஜூன் 20

அன்புள்ள குட்டிக்கு,

ஒரு நல்ல செய்தி. சராசரி ஐம்பத்தொன்று.

எப்படி என்று கேள். ஏப்ரல் கடைசியிலிருந்து எழுபத்தாறிலேயே முட்டிக்கொண்டு நின்றோம். நிர்வாகம் அறுபது அறுபது என்று உயிரை எடுத்தது. பதிவேட்டைப் புரட்டியபோதுதான் காரணம் கிடைத்தது. சில பிள்ளைகள் வீட்டில் காய்ச்சல் என்று வருவார்கள், எங்கள் மேஜையில் பார்த்தால் இருக்காது. காற்றில் வந்ததில் உடம்பு தணிந்திருக்கும். டாக்டர்களும் கொஞ்சம் பார்க்கலாம் என்பார்கள். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துக் காய்ச்சல் ஏறும், அப்புறம் மருந்து. மாதத்துக்கு நாலைந்து பேர்தான், ஆனால் அவர்களுடைய நூற்றைம்பதும் நூற்றெண்பதும் சேர்ந்து எங்கள் உழைப்பையெல்லாம் கெடுத்துவிடுகின்றன.

அதனால் மணி தொடங்குகிற இடத்தை மாற்றினேன். வாசலில் நுழைந்த நேரம் இல்லை, எங்கள் மேஜையில் காய்ச்சல் பதிவான நேரம். 'இங்கே பார்த்தால்தான் கணக்கு' என்று தாளில் பெரிதாக எழுதி மேஜையில் ஒட்டினேன். யாருக்கும் குழப்பம் வரக் கூடாது அல்லவா. பெரியக்காவுக்குப் பிடிக்கவில்லை. "வீட்ல பார்த்த அம்மாவுக்குக் கண்ணு இல்லையா தம்பி?" என்றார். மாதக் கடைசியில் ஓய்வு பெறப் போகிறார், எதைச் செய்தாலும் இப்போது குறைதான்.

ஜூலை பதினாலு ஒரு கூட்டத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்பது மருத்துவமனைகள் வருகின்றன. நர்ஸ் ஒருவரை மேடையில் ஏற்றுவது இதுதான் முதல் தடவையாம். என்ன சட்டை போட்டுக்கொள்வது என்று சொல்.

உன் அண்ணன்


ஜூன் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நீல நிறச் சட்டையைப் போட்டுக்கொள். கோடு போட்டது வேண்டாம், அதில் நீ பேங்க் வாட்ச்மேன் போல இருக்கிறாய்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நான் ஒரு நாளைக்கு ஆறு தடவை பார்க்கிறேனே, அது கணக்கில் இல்லையா? நான் பார்க்கிறபோது இருந்து, அங்கே பார்க்கிறபோது இல்லாமல் போனால் என்ன செய்வார்கள்? தப்பாக நினைக்காதே. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரிந்துவிடப் போகிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

அடுத்த கீமோ ஏழாம் தேதி. இன்னும் இரண்டுதான். அது முடிந்ததும் முடி வளர்ப்பாளாம், இடுப்பு வரை. சீப்பு வாங்கிக் கொடுக்கிற பொறுப்பு கடிகார மாமாவுடையதாம்.

உன் குட்டி


ஜூலை 5

அன்புள்ள குட்டிக்கு,

அவசரமாக எழுதுகிறேன். அது பதிவேட்டுக்கான கணக்கு மட்டும்தான், நீ மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. பிள்ளைகளை எப்போதும் போலத்தான் பார்ப்போம். உன் அண்ணன் போடுகிற சட்டம் உன் பிள்ளைக்கு எதிராகவா இருக்கும்?

பதினாலாம் தேதி பத்திலிருந்து ஒன்று வரை என் ஃபோன் அணைந்திருக்கும். கைதட்டினார்களா இல்லையா என்பதைச் சாயங்காலம் ஸ்பீக்கரில் சொல்கிறேன். சீப்பு வாங்கிவிட்டேன் என்று சொல்லிவிடு. மஞ்சள் நிறம்.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 4

அன்புள்ள குட்டிக்கு,

எட்டு தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன். மூன்று வாரமாகிறது. ஃபோன் செய்தால் மாப்பிள்ளை எடுத்து, நீ தூங்குகிறாய் என்கிறார். வந்தால் நீ அறையை விட்டு வெளியே வரவில்லை. உன்னை வற்புறுத்த எனக்கு மனமில்லை.

எதைச் சொன்னாலும் அது அவளைத் திரும்பக் கொண்டுவராது, எனக்குத் தெரியும். பதினேழாம் தேதி காலை வரை அந்தத் தீவிர சிகிச்சைக் கண்ணாடி அறைக்கு வெளியே உன்னோடுதான் நின்றேன். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனையோ பேருக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறேன். உனக்குச் சொல்ல ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது, ஏனென்றால் நீ படுத்தபடியே உன்னைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்பாய் என்று பயமாக இருக்கிறது. நான் பதிவேட்டைப் பார்த்தேன். அன்றைக்கு அவளுக்கு மருந்து நாற்பத்தொரு நிமிடத்தில் ஏறியிருக்கிறது. நீ தாமதிக்கவில்லை. நாங்களும் தாமதிக்கவில்லை. செய்ய வேண்டியதெல்லாம் நேரத்துக்கு நடந்தது. கிருமி அவ்வளவு பொல்லாதது. சில சமயம் எல்லாம் சரியாகச் செய்தும் கைவிட்டுப் போகும், குட்டி. யார் மேலும் தப்பில்லை. உன் மேல் நிச்சயமாக இல்லை.

சாப்பிடு. ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் அண்ணன்


ஆகஸ்ட் 13

அண்ணனுக்கு,

நாற்பத்தொன்று என்று எழுதியிருக்கிறாய். எங்கிருந்து எண்ணினாய்?

அன்றைக்கு என்ன நடந்தது என்று நீ என்னிடம் கேட்கவில்லை. ஒன்றரை மணிக்கு நீல நிறச் சட்டையோடு ஓடி வந்தாய், அவளை உள்ளே கொண்டு போயிருந்தார்கள். அதற்கு அப்புறம் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன்.

காலை ஒன்பது பத்துக்கு முப்பத்தெட்டு புள்ளி ஆறு. அவளேதான் படித்துச் சொன்னாள். "பாஸ் இல்லம்மா" என்றாள். களிம்பு தடவினேன். பையை எடுத்தேன். ஆட்டோவில் இரண்டு பக்கமும் மழைக்காற்று. ஒன்பது ஐம்பத்தைந்துக்கு வாசலில் இருந்தேன். பெரியக்கா இருந்த நாற்காலியில் ஒரு புதுப்பெண். சிவப்பு அட்டையை நீட்டினேன். பார்த்தாள். முப்பத்தேழு புள்ளி நாலு. வீட்டில் முப்பத்தெட்டு ஆறு இருந்தது என்றேன். மேஜையில் ஒட்டியிருந்த தாளைக் காட்டி, "வீட்டுல பார்த்தது இல்லம்மா, இங்க பார்த்தாதான் கணக்கு. உக்காருங்க, அரை மணி நேரத்துல திரும்பப் பார்க்கறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

தாளில் இருந்தது உன் கையெழுத்து. எனக்குத் தெரியாதா. மார்ச்சிலிருந்து அதைப் படித்துப் படித்துப் பழகியவள் நான்.

வேறு யாராவது எழுதியிருந்தால் மேஜையைத் தட்டிக் கத்தியிருப்பேன், அண்ணா. எனக்குக் கத்தத் தெரியும். உன் கையெழுத்தாக இருந்ததால் பேசாமல் போய் உட்கார்ந்தேன். என் அண்ணன் யோசித்துத்தான் எழுதியிருப்பான் என்று உட்கார்ந்தேன். உன் தங்கை என்று சொல்லவில்லை. சொல்லாதே என்று நீ சொன்னதை இரண்டு தடவையும் காப்பாற்றினேன். உனக்கு ஃபோன் செய்யவும் இல்லை. நீ மேடையில் இருந்தாய். அவளுக்கும் தெரியும். "இப்போ மாமாவுக்குக் கை தட்டுவாங்களாம்மா?" என்று கேட்டாள்.

பத்தரை மணிக்கு எழுந்து போய்க் கேட்டேன். விபத்தில் அடிபட்ட நாலு பேரை அப்போதுதான் கொண்டு வந்திருந்தார்கள். அந்தப் பெண் கையில் ரத்தத்தோடு, "வந்துடறேன்மா" என்றாள். நம் வாயாடி உன் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா கடிகாரம் ஓடுதா, நிக்குதாம்மா?" என்றாள். ஓடுது என்றேன். "அப்போ ஏன் நம்மள கூப்பிடல?" என்றாள். பதினொன்றேகாலுக்கு அவள் பேச்சு நின்றது. தூங்குகிறாள் என்று நினைத்தேன். என் மகள் பேசாமல் இருக்கிறாள் என்றால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கை சில்லென்றிருந்தது. காய்ச்சல் இல்லை, நல்லதுதான் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன், அண்ணா.

பன்னிரண்டுக்கு மேல் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மேஜை மேலேயே படுக்க வைத்தேன். முப்பத்தொன்பது புள்ளி ஐந்து. பன்னிரண்டு ஐந்து. அதற்குப் பிறகு எல்லோரும் ஓடினார்கள். நீ சொல்கிற நாற்பத்தொன்று அங்கிருந்துதான்.

நுழைந்ததும் அந்தப் புதுப்பெண் கொடுத்த டோக்கன் சீட்டு என் பையிலேயே இருந்தது. இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் மணி அச்சாகியிருக்கிறது. நீ எண்ணுவதில் கெட்டிக்காரன். எண்ணிக்கொள்.

தங்கை


ஆகஸ்ட் 27

குட்டி,

நூற்று எழுபத்தொன்று.

மார்ச்சில் நூற்று எழுபது. நான் கையில் எடுத்து, ஐந்து கையெழுத்து வாங்கி, ஏணியில் ஏறி, மேடையில் ஏறி, ஒரு நிமிடம் கூட்டியிருக்கிறேன்.

உனக்கு இன்னும் தெரியாத ஒன்று இருக்கிறது. ஜூலை மாதப் பட்டியலை ஆகஸ்ட் ஒன்றாம் தேதி நான்தான் தயாரித்தேன். இருபத்துமூன்றாவது வரிசையில் அவள். 'அறுபது நிமிடத்துக்குள்' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று என் கையாலேயே எழுதினேன். யாருடைய வரிசை என்று தெரிந்துதான் எழுதினேன். நாற்பத்தொன்றைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் லேசானது. உனக்கு ஆறுதல் சொல்ல ஒன்று கிடைத்தது என்று நினைத்தேன். வாசலில் நுழைந்த நேரம் அதே பக்கத்தில், நாலு விரல் தள்ளி இருந்தது. நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று சட்டம் போட்டவனே நான்தானே.

மருந்தை முன்பே போட்டிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். மற்றவர்களுக்கு நானும் அதையேதான் சொல்லி வந்திருக்கிறேன். அது எவ்வளவு மோசமான பதில் என்று இப்போதுதான் தெரிகிறது.

சட்டம் மாற்றிய நாளிலிருந்து எல்லாப் பிள்ளைகளுடைய வாசல் நேரத்தையும் எடுத்து மறுபடி கூட்டினேன். ஐம்பத்தொன்று இல்லை. தொண்ணூற்று மூன்று. பழைய எழுபத்தாறை விட மோசம். முன்பெல்லாம் வீட்டில் காய்ச்சல் என்று சொன்னாலே பெரியக்கா எழுந்து நிற்பார். என் தாள் வந்த பிறகு யாரும் எழுந்திருக்கவில்லை. பதிவேட்டுக்கு மட்டும் என்று உனக்கு எழுதினேன். கணக்கில் இல்லாத பிள்ளையை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டோக்கன் சீட்டை நிர்வாகத்திடம் காட்டினேன். வருத்தமாக இருக்கிறது என்றார்கள். மேலிடத்துக்கு ஐம்பத்தொன்று என்று போய்விட்டது, இப்போது மாற்றினால் கேள்வி வரும், வருஷக் கடைசியில் பார்க்கலாம் என்றார்கள். மேஜையில் இருந்த தாளைக் கிழித்தேன். மறுநாள் அதே வாசகத்தை அழகாக அச்சடித்துக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பொறுப்பிலிருந்து என்னை விடுவித்துவிட்டார்கள், துக்கத்தில் இருப்பதால் ஓய்வு வேண்டுமாம். என் முறையில் வருகிற பிள்ளைகளுக்கு வீட்டில் பார்த்த காய்ச்சலைக் கேட்டு உடனே மருந்து ஏற்றுகிறேன். என் முறை எட்டு மணி நேரம். மீதிப் பதினாறு மணி நேரம் அந்தக் கண்ணாடிக்குள் இருக்கிற தாள்தான்.

அன்றைக்குக் கைதட்டினார்கள், குட்டி. நிறையவே தட்டினார்கள். தட்டியவர்களில் இரண்டு மருத்துவமனைக்காரர்கள் என் கணக்கு முறையை அப்படியே எழுதி வாங்கிப் போனார்கள். மூன்று தடவை அவர்களுக்கு எழுதிவிட்டேன், நிறுத்துங்கள், எண்ணுகிற முறை தப்பு என்று. ஒருவரிடமிருந்தும் பதில் இல்லை. நன்றாக நடக்கிற காரியத்தைப் பற்றி யாரோ ஒரு நர்ஸ் புலம்பினால் யார் பதில் போடுவார்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. வந்து என்னை அடி. கத்து. நீ அன்றைக்கு மேஜையைத் தட்டிக் கத்தாததை இப்போது என் முகத்துக்கு நேரே கத்து. பேசாமல் மட்டும் இருக்காதே. டோக்கன் சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. மஞ்சள் சீப்பும் என்னிடம்தான் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 10

அண்ணனுக்கு,

கத்தச் சொல்கிறாய். உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன், வரவில்லை. அன்றைக்கு வர வேண்டியது அது. அந்த நேரம் போய்விட்டது.

உன் மேல் மட்டும் தப்பு என்று சொல்லிவிட்டால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். முடியவில்லை. ஜூன் மாதம் நானே உன்னிடம் கேட்டேன். நீ இல்லை என்றாய், நான் விட்டுவிட்டேன். நம் இரண்டு பேருக்கும் உன் மேல் அவ்வளவு பெருமை. அவளுக்கும்.

டோக்கன் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்? அந்த இரண்டு மருத்துவமனைகளுக்கும் அதை எடுத்துக்கொண்டு நேரில் போ. அச்சாகியிருக்கிற மணியைக் காட்டு. யாருடையது என்று கேட்டால் என் தங்கை மகளுடையது என்று சொல். இந்த ஒரு தடவை சொல்லிக்கொள்ளலாம்.

அவர் லாரியை விற்றுவிட்டு இங்கேயே வேலை தேடுகிறேன் என்கிறார். இப்போது எதற்கு என்று கேட்டேன். பை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. பிஸ்கட்டை மட்டும் எடுத்துவிட்டேன், எறும்பு வந்தது. தெர்மாமீட்டரைக் காலையில் கை தானாக எடுக்கிறது.

சீப்பை நீயே வைத்துக்கொள்.

இதுதான் நான் உனக்கு எழுதுகிற கடைசிக் கடிதம். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. நாம் கடிதம் எழுத ஆரம்பித்ததே அவள் காதில் விழக் கூடாது என்பதற்காகத்தான். இனிமேல் எதை வேண்டுமானாலும் ஃபோனிலேயே சத்தமாகப் பேசலாம். ஸ்பீக்கரில் போடு என்று பிடுங்க யாருமில்லை.

நீ கூப்பிடாதே. நானும் கூப்பிட மாட்டேன்.

வாயாடியின் அம்மா